எந்த ஊரு, எந்தப் பக்கம்?

"தம்பி எந்த ஊரு?" என்று கேட்பார்கள். சொல்லுவோம். உடனே அடுத்த கேள்வி வரும்: "அதுல எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்வி எதற்காக என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். காலேஜ் ஹாஸ்டலில் கேட்டிருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது கேட்டிருக்கிறார்கள். "பள்ளிக்கூடத்துக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற பண்பாளர்களும் உண்டு. முகவரியை வைத்து ஆளை எடை போடும் வித்தையை இந்த நாட்டில் யாருக்கும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியை ஒருத்தராவது கேட்க மாட்டாரா என்று நான் உட்கார்ந்திருந்த நாளும் ஒன்று உண்டு. மீஞ்சூர் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கிற என் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மாதக்கணக்கில் இருமல். ராத்திரியில் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "பீடி பிடிப்பீங்களா?" பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரரே புடிக்க மாட்டாருப்பா." "வெறகு அடுப்பா?" "கேஸு வந்து ரொம்ப வருசம் ஆவுது." "வீட்ல யாருக்காச்சும் ஆஸ்துமா?" "இல்லபா." மாத்திரையும் உறிஞ்சுகிற மருந்தும் எழுதிக் கொடுத்தார். "தூசு படாம பாத்துக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டது: "தூசு படாம பாத்துக்கணுமாம்பா. எங்க போயி பாத்துக்கறது? ஊட்டத் தூக்கினு போவ முடியுமா?"

அந்த டாக்டர் நல்ல மனிதர். அவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நோயாளி என்ன குடிக்கிறார், என்ன தின்கிறார் என்று கேட்க அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 'எந்த ஊரு, எந்தப் பக்கம்' என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. சாதியைக் கண்டுபிடிக்க நாடே கேட்கிற கேள்வியை, நோயைக் கண்டுபிடிக்க மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையில் கிடக்கிற நிலம் இது. வள்ளூர், அத்திப்பட்டு, செப்பாக்கம், காட்டுப்பள்ளி என்று ஊர்கள். கொசத்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிற இடம். உப்பளம், இறால், சதுப்பு, நெல் என்று பிழைத்த பூமி. இருளர்கள் ஆற்றுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். இன்று இங்கே தலைநிமிர்ந்து நிற்பவை புகைபோக்கிகள். 1990களின் நடுவில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்க ஆரம்பித்தது. முக்கியமாக நிலக்கரி இறக்கத்தான் அதைக் கட்டினார்கள். 2012க்குப் பிறகு வள்ளூர் அனல்மின் நிலையம் ஒவ்வொரு அலகாக ஓடத் தொடங்கியது. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டுச் சேர்ந்து நடத்துகிற நிலையம். மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட், மொத்தம் 1,500. வட சென்னை நிலையத்தின் இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். மூன்றாம் கட்டம் 800 மெகாவாட், அதை 2024இல் திறந்தார்கள். எந்தத் தூசு எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. துணி காயப்போட்டால் படிகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவத் தோழர்கள் பேனா எடுத்துக்கொள்ளலாம். 1,500 மெகாவாட் நிலையம் முழு வீச்சில் ஒரு நாள் ஓடினால் 3 கோடியே 60 லட்சம் யூனிட் மின்சாரம். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் எரியும். ஆக, ஒரு நாளைக்கு 20 ஆயிரம் டன்னுக்கு மேல். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாது, நாற்பதும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலே ஒரு நாளைக்கு சுமார் ஏழாயிரம் டன் சாம்பல். பத்து டன் லாரியில் ஏற்றினால் 700 லாரி. ஒரே நாளில், ஒரே நிலையத்தில்.

இதில் ஒரு பங்கு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. முழுவதையும் அப்படிப் பயன்படுத்தியாக வேண்டும் என்று 1999லிருந்து ஆணை மேல் ஆணை இருக்கிறது. மீதி தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குப் போகிறது. இந்த வட்டாரத்தில் சாம்பல் குழாய்கள் உடைந்து கழிமுகத்தில் சாம்பல் சேறு படிந்த கதை பல வருடங்களாக நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் குட்டை காய்ந்தால் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. செப்பாக்கத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்றால் என்னவென்று சொல்லுவார்கள்.

மின்சாரம் என்ன ஆகிறது? உயர் அழுத்தக் கம்பியில் ஏறித் தமிழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போய்விடுகிறது. அண்ணா நகர் ஏ.சி.க்குப் போகிறது. ஒரகடத்துக் கார் கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கார் கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போகிறது. மின்சாரம் பயணம் போகும். சாம்பலுக்குப் பயணம் கிடையாது, உற்பத்தியான இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இனி தண்ணீர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னையின் தாகத்தையும் மணலித் தொழிற்சாலைகளின் தாகத்தையும் தீர்த்தது. ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினார்கள். நிலத்துக்குள் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் உள்ளே வந்தது. மீஞ்சூர் பக்கம் உப்புநீர் புகுந்துவிட்டதை 1969லேயே ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் உறிஞ்சினார்கள். உப்பு பல கிலோமீட்டர் உள்ளே போனது. பிறகு 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்தத் தண்ணீரும் குழாய் ஏறி நகரத்துக்குப் போனது. கிணற்றை உப்பாக்கிக் கொடுத்துவிட்டு, உப்பை நீக்கிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காலனிக்காரர் கேன் தண்ணி வாங்கிக் குடிக்கிறார். கூலியில் ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மாத்திரைக்கு.

*

இதெல்லாம் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தது? கடல் பக்கத்தில் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ரயில் இருக்கிறது என்பார்கள். மெரினாவும் பெசன்ட் நகரும்கூடக் கடலோரம்தான். அங்கே ஏன் ஒரு சாம்பல் குட்டை வரவில்லை?

நம் கிராமங்களை யார் எப்படிக் கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். சேரியில் பட்ட காற்று ஊர் மேல் படக் கூடாது, சேரியில் ஓடிய தண்ணீர் ஊர்ப்பக்கம் வரக் கூடாது. செத்த மாடு எந்தப் பக்கம் போக வேண்டும், சுடுகாடு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்தார்கள். வாடை எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்று காற்றைப் பார்த்துப் போட்ட வரைபடம் அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, யார் மேல் மாசு படலாம், யார் மேல் படக் கூடாது என்று சாதி முடிவு செய்துவிட்டது.

இதே வரைபடத்தை 1991இல் உலக அளவில் ஒருவர் வரைந்து காட்டினார். அப்போது உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ். அவர் கையெழுத்தோடு அந்த வருடம் டிசம்பரில் வங்கிக்குள் சுற்றுக்குப் போன ஒரு குறிப்பு வெளியே கசிந்து உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அதன் சாரம் இதுதான்: நச்சுத் தொழில்களை ஏழை நாடுகளுக்குத் தள்ளுவது பொருளாதாரக் கணக்குப்படி சரியே. ஏனென்றால் நோயாலும் சாவாலும் ஏற்படுகிற நட்டம் என்பது இழந்துபோகிற கூலி. கூலி எங்கே குறைவோ அங்கே நட்டமும் குறைவு. பிறகு அது கிண்டலுக்கு எழுதியது என்றார்கள். கிண்டலோ நிஜமோ, நச்சு அந்தத் திசையில்தான் போனது.

அமெரிக்கப் பொருளாதாரம் படித்தவர் கண்டுபிடித்ததை நம் ஊர் மிராசுதார் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார். குறைந்த கூலிக்காரன் நெஞ்சு மலிவு. அவன் நெஞ்சில் புகையை இறக்கு. உலகத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு சேரி இருக்கிறது.

அந்த ஊரும் சேரியும் எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். உலக நலவாழ்வு நிறுவனம் 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: அதிக ஆயுள் உள்ள நாட்டுக்கும் குறைந்த ஆயுள் உள்ள நாட்டுக்கும் இடையே 33 வருட இடைவெளி. ஒரு மனிதன் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறுகிற காலம் அது. பணக்கார நாட்டுக்குள்ளேயும் சேரி இருக்கிறது. இதே நிறுவனம் அமைத்த குழு 2008இல் கொடுத்த அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைக் காட்டியது. அங்கே ஏழைப் பகுதியான கால்டனில் பிறக்கிற ஆண் குழந்தை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லென்சியில் பிறக்கிற குழந்தையைவிட 28 வருடம் முன்னதாகச் செத்துப்போகிறது. மருந்து இல்லாததால் அல்ல, அந்த நாட்டில் வைத்தியம் எல்லாருக்கும் இலவசம். வாழ்கிற இடம், செய்கிற வேலை, கையில் இருக்கிற காசு, ஊரில் இருக்கிற மதிப்பு ஆகியவைதான் ஆளைக் கொல்கின்றன என்று அந்தக் குழு சொன்னது. ஒரு தலைமுறைக்குள் இந்த இடைவெளியை மூட வேண்டும் என்றும் சொன்னது. அது நடக்கப் போவதாகத் தெரியவில்லை என்பதுதான் 2025 அறிக்கையின் செய்தி.

காசைப் பார்த்தால் இன்னும் வெட்கக்கேடு. உலக மக்களில் கீழ்ப் பாதிப் பேரிடம் இருப்பது உலகச் சொத்தில் நூற்றுக்கு 2 பங்கு. மேலே இருக்கிற பத்து சதவீதத்தாரிடம் 76 பங்கு. இது 2022 உலகச் சமத்துவமின்மை அறிக்கை. இந்தியாவில் 2022-23 கணக்குப்படி, மேல் தட்டில் நூற்றில் ஒருவரிடம் நாட்டுச் சொத்தில் 40 பங்கு இருக்கிறது.

சில தோழர்கள் இங்கே இடைமறிப்பார்கள். "இது வர்க்கப் பிரச்சனை தோழர், இதுல சாதியைக் கொண்டாறீங்களே." சரி, அதையும் பார்த்துவிடுவோம். வட இந்திய மாநிலங்கள் உட்பட ஒன்பது மாநிலங்களின் கணக்கெடுப்பை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் மூன்று வருடத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு வருடத்துக்கு மேல் குறைவு. வசதி வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இடைவெளி மறைந்துபோக வேண்டும் இல்லையா? மறையவில்லை. பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அதாவது ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வருமானம் இருந்தாலும் சேரிக்காரர் முன்னால் போய்ச் சேருகிறார். வர்க்கம் மட்டும் பேசுகிற தோழர்கள் அந்த மிச்சப் பாதிக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

*

தமிழ்நாட்டின் ஆஸ்பத்திரிகளைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. அது பொய்யாகிவிடும். 2020 கணக்கில் ஆயிரம் குழந்தைக்கு இந்தியாவில் 28 சாவு என்றால் தமிழ்நாட்டில் 13. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, நர்சு இருக்கிறார், இலவச மாத்திரை இருக்கிறது. நம் அம்மாக்கள் பலர் பிரசவத்தில் சாகாமல் பிழைத்தது அதனால்தான். இதைப் போராடிக் காப்பாற்ற வேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரி உடம்பைச் சரிபண்ணி, எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதே முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நுண்தூசிக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு, ஆண்டுச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். அய்ரோப்பிய ஒன்றியம் 2030க்குள் 10க்கு இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இந்தியச் சட்டம் 2009இல் வைத்த வரம்பு 40. நுரையீரல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் படைக்கப்பட்டிருக்கிறது. சட்டம்தான் எங்களுடையதை எட்டு மடங்கு கெட்டியானது என்று நினைக்கிறது. அந்த 40ம் ஏட்டில்தான். அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் கழுவ வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள், இரண்டு வருடக் கெடு. கெடுவைத் தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள், கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பெரிய நகரத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் கட்டாயம். கவனியுங்கள் தோழர்களே, அங்கேயும் முகவரிதான். நகரத்துக்காரன் மூக்குக்கு ஒரு சட்டம், மற்றவன் மூக்குக்கு ஒரு சட்டம்.

முகவரியை யார் முடிவு செய்கிறார்கள்? நிலம் வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். இதை 1891லேயே ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போனார். அன்று பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு கொடுத்தார். குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாருடையது, கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி பண்ணு என்பான், நிலம் கேட்டால் தரிசாகக் கிடந்தாலும் தர விடமாட்டான் என்று விவரமாக எழுதினார். நோயையும் பட்டினியையும் பார்த்த அந்த மனிதர் மருந்துக் கடை கேட்கவில்லை. நிலம் கொடு, மனை கொடு என்று கேட்டார். அதன் பலன்தான் 1892 அரசாணையும் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிற நிலமும். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலமெல்லாம் எங்கே? அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேரைக் கொடுத்தோம்.

பட்டா நிலத்துக்கு இந்தக் கதி என்றால் பொது நிலத்தைக் கேட்பானேன். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள். ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்காலும் காடும். ஆடு மாடு மேய்ந்தது, விறகு வந்தது, மழைத் தண்ணீர் அதில் இறங்கி ஏரிக்கு வந்தது. அதை சிப்காட் எடுத்தது. மிச்சலின் என்கிற பிரெஞ்சு டயர் கம்பெனியோடு 2009இல் அரசு ஒப்பந்தம் போட்டது. மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மறியல் செய்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 2012இல் புகார் பாரிஸ் வரை போனது. பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் அங்கே இருக்கிற அமைப்புகளும் கூட நின்றன. பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறைகளைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு விசாரித்தது. 2013இல், கம்பெனி நெறிமுறையை மீறவில்லை, இனிமேல் மனித உரிமைப் பாதிப்புகளை ஆராய்ந்து நடந்துகொள்ளட்டும் என்ற அளவில் முடிந்தது. கம்பெனியைப் பொறுத்தவரை நிலத்தை எடுத்தது அரசாங்கம். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது புறம்போக்கு. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது. மாடு மேய்த்தவர் கணக்கிலேயே வரவில்லை.

திரமென்ஹீர் சொன்ன மிராசுதார் கதை மாறவில்லை பாருங்கள். மனை உன்னுடையது அல்ல, மேய்ச்சல் உன்னுடையது அல்ல, ஆறு உன்னுடையது அல்ல. ஒன்றும் உன்னுடையது அல்ல என்றால், எதை உன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலும் நீ கேட்க முடியாது. பெரியம்மா நெஞ்சில் இருக்கிற நோய் அங்கே ஆரம்பிக்கிறது.

*

"வேலை கெடைக்குதேபா" என்று ஒரு குரல் வரும். வெளியிலிருந்து மட்டுமல்ல, நம் பசங்களிடமிருந்தும் வரும். அதைச் சாதாரணமாகத் தள்ளக் கூடாது. ஏர் பின்னால் போவதைவிடக் கம்பெனி கேட் நமக்கு விடுதலை மாதிரிதான் தெரிந்தது. ஆண்டை முகத்தில் விழிக்காமல் சம்பளம் வாங்குவது பெரிய விஷயம்தான். ஆனால் என்ன வேலை? நிரந்தரம் யாருக்கு, கான்ட்ராக்ட் யாருக்கு? சாம்பல் அள்ளுகிறவர், கொதிகலன் கழுவுகிறவர், கும்மிடிப்பூண்டி இரும்பு உலையில் நிற்கிறவர் யார்? பீகார்க்காரர், ஒரிசாக்காரர், நம் காலனிக்காரர், முகாமில் இருக்கிற ஈழத்து அகதி. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒரிசாக் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக வைத்திருந்து, அதிகாரிகள் போய் மீட்டது ஒரு முறை அல்ல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. தால்ச்சரிலிருந்து நிலக்கரி பாரதீப் துறைமுகம் வழியாக எண்ணூருக்கு வருகிறது. அந்த ஒரிசாவிலிருந்தே சூளைக்கு ஆளும் வருகிறது. அங்கேயும் நிலம் போனவர்கள்தானே அவர்கள்? ஒரு சேரியிலிருந்து இன்னொரு சேரிக்கு ரயில் விட்டிருக்கிறார்கள்.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் மிதந்து வந்து கொசத்தலை ஆற்றில் படிந்தது. மீனவர் படகெல்லாம் கறுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து சனங்கள் மூச்சுத் திணறி ராத்திரியில் ஓடினார்கள். மீனவர் போராடினார்கள். நாம் எத்தனை பேர் போனோம்? "அது குப்பத்துப் பிரச்சனை" என்று இருந்தோம். தேர்வாயில் மேய்க்கால் போனபோது அவர்கள் எத்தனை பேர் வந்தார்கள்? "அது காலனிப் பிரச்சனை." இறால் தடவுகிற இருளரை இரண்டு பேரும் கூப்பிடவில்லை. காற்றுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்.

சிலைக்காகப் போராடினோம், அது சரி. கோயிலில், தேரோட்டத்தில் உரிமைக்காகப் போராடினோம், அதுவும் சரி. ஆனால் 1927இல் பாபாசாகேப் மகத்துக்குக் கூட்டிப் போனது எதற்கு? தண்ணீருக்கு. பொதுக் குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கு. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்தாரே, அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையுமாக எத்தனை நாளைக்கு ஓட்டப் போகிறீர்கள் என்று. அந்த வாழ்க்கை என்பதில் மூச்சும் சேர்த்திதான். பொதுக் குளம் போலப் பொதுக் காற்று. அதில் நம் பங்கு அழுக்காக இருக்கிறது என்பதைத் தீண்டாமை என்று சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம்?

எனவே என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, கணக்கு. சாவு, நோய், எடை குறைந்த குழந்தை, சிறுநீரகம், மூச்சு எல்லாவற்றையும் மாவட்டச் சராசரியாகச் சொல்லி ஏமாற்றக் கூடாது. தெருவாரியாக, ஊர் தனி காலனி தனி குப்பம் தனியாகச் சொல்ல வேண்டும். சராசரியில் ஊரின் ஆயுள் நம் சாவை மூடி மறைத்துவிடுகிறது. அரசாங்கம் எடுக்காவிட்டால் மாணவர்கள் எடுக்கட்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா, லீவு நாள் போதும்.

இரண்டு, காற்று, தண்ணீர்ச் சோதனை முடிவுகள் மாதாமாதம் தமிழில் பஞ்சாயத்துச் சுவரில் எழுதப்பட வேண்டும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிக் கிராமசபையில் படிக்கலாம். புது ஆலைக்குக் கருத்துக்கேட்பு வைத்தால் பிரியாணிப் பொட்டலத்துக்கு முன்னால் நம் நோட்டுப் புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

மூன்று, வைத்தியம். தொழில் நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த டாக்டரும் கருவியும் மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்க வேண்டும். கம்பெனி தர்மத்துக்கு நடத்துகிற கண் பரிசோதனை முகாம் அல்ல. அழுக்குப் பண்ணினவன் கட்டுகிற பணத்தில், அரசு நடத்துகிற நிரந்தர நிலையம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஊர்பேர் தெரியாத வடநாட்டுத் தொழிலாளிக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

நான்கு, நிலம். பஞ்சமி நிலத்தை மீட்பதும் மேய்க்காலைக் காப்பதும் சுகாதாரக் கோரிக்கைதான். ஆஸ்பத்திரி கேட்கிற மனுவில் நிலத்தையும் சேர்த்து எழுதுவோம். நிலம் இருக்கிறவன் வீட்டு வாசலில் சாம்பல் குட்டை வெட்ட எவனும் வரமாட்டான்.

கடைசியாக, டாக்டருக்குப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எவ்வளவு இழிவைத் தாண்டி அந்த வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அங்கேயும் உங்களை "எந்த ஊரு, எந்தப் பக்கம்" என்று கேட்டிருப்பார்கள். நாளைக்கு நீங்கள் நாற்காலியில் உட்காருவீர்கள். இருமிக்கொண்டு ஒரு கிழவி வருவார். பீடி குடிப்பியா என்று கேட்பதற்கு முன்னால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரும்மா, எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் முதலில் கொஞ்சம் பயப்படுவார், பழைய பழக்கம். பிறகு சொல்லுவார். சொல்லுவதை எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டில் மட்டும் அல்ல, கலெக்டருக்குப் போகிற மனுவிலும்.